சிறு விமானத்தில் என்ஜின் கேஜ் முள் தாறுமாறாக ஆடுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செஸ்னா 172 வகை ஒற்றை என்ஜின் விமானங்களோடு ஹேங்கரில் காலம் தள்ளுகிறவன் நான். டெக்லாக்கில், அதாவது விமானத்தின் பழுதுக் குறிப்பேட்டில், மாதம் தவறாமல் வரும் புகார் "கேஜ் சரியாகக் காட்டவில்லை" என்பதுதான். பயிற்சி மாணவர்களும் புதிதாக வேலைக்கு வந்த டெக்னீஷியன்களும் இதையொட்டி என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எண்கள் பெரும்பாலும் லைகமிங் ஐஓ-360 என்ஜின் பூட்டிய 172எஸ் மாடலுக்கானவை. உங்கள் விமானத்துக்கு அதன் கையேடு சொல்வதே கணக்கு. பழுது பார்த்துக் கையெழுத்துப் போடுவது லைசென்ஸ் உள்ள ஏ.எம்.இ.யின் (விமானப் பராமரிப்பு என்ஜினியரின்) வேலை. தேடிக் கண்டுபிடிப்பதில் யார் வேண்டுமானாலும் கைகொடுக்கலாம்.

பறந்துகொண்டிருக்கும்போது ஆயில் பிரஷர் முள் திடீரென்று விழுந்துவிட்டது. கேஜ் பழுதா, என்ஜின் பழுதா?

உறுதியாகத் தெரியாத வரை என்ஜின் பழுது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற கேஜ்களில் "இது பொய் சொல்கிறதோ" என்று கொஞ்சம் சாவகாசமாக யோசிக்கலாம். ஆயில் பிரஷரில் அந்தச் சலுகை கிடையாது.

அடுத்துக் கண் போக வேண்டிய இடம் ஆயில் டெம்பரேச்சர். செஸ்னா கையேடு இதைத் தெளிவாகவே பிரித்துச் சொல்கிறது. பிரஷர் குறைவு, டெம்பரேச்சர் வழக்கம்போல என்றால் கேஜிலோ, அதிகப் பிரஷரை வெளியேற்றும் ரிலீஃப் வால்விலோ கோளாறு இருக்கலாம். அருகிலுள்ள விமான நிலையத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும். பிரஷர் அடியோடு போய் டெம்பரேச்சரும் ஏறுகிறது என்றால் என்ஜின் நிற்கப்போகிறது. பவரைக் குறைத்துக்கொண்டு இறங்குவதற்கு ஒரு வயலைத் தேட வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. ஆயில் முழுவதும் வெளியே போய்விட்டால் டெம்பரேச்சர் சென்சாரைத் தொட்டுக்கொண்டிருக்க ஆயிலே இருக்காது. அப்போது அந்த முள் ஏறாமல் நிற்கலாம், இறங்கக்கூடச் செய்யலாம். அதனால் "டெம்பரேச்சர் ஏறவில்லையே" என்று நிம்மதியாகப் பயணத்தைத் தொடர வேண்டாம். சி.எச்.டி., அதாவது சிலிண்டர் தலையின் வெப்பநிலை, என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். 172எஸ் மாடலில் 20 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால் எரியும் எச்சரிக்கை விளக்கு தனி பிரஷர் சுவிட்சில் இயங்குகிறது. கேஜுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முள் பூஜ்யத்தில் கிடந்து விளக்கு எரியாமல் இருந்தால் சந்தேகம் கேஜ் பக்கம் சாய்கிறது. என்ஜின் ஓடிய நேரத்தை எண்ணும் ஹாப்ஸ் மீட்டரும் பல செஸ்னாக்களில் ஆயில் பிரஷர் சுவிட்சில்தான் ஓடுகிறது. அது ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு சாட்சி.

ஒரு கேஜை மட்டும் நம்பி மற்றவற்றைப் பார்க்காமல் விட்டதன் விலை பெரிய விமானங்களிலும் தெரிந்திருக்கிறது. 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் பனி கொட்டும்போது ஏர் ஃபுளோரிடாவின் போயிங் 737 கிளம்பியது. என்ஜின் முகப்பில் இருந்த அழுத்தமானிக் குழாய் பனியால் அடைபட்டிருந்தது. உந்துவிசையைக் காட்டும் கேஜ் 2.04 என்றது; உண்மையில் இருந்தது சுமார் 1.70. பக்கத்திலிருந்த மற்ற என்ஜின் கேஜ்கள் குறைவாகவே காட்டின. விமானம் பாலத்தில் மோதி பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. 78 பேர் இறந்தார்கள்.

சரி, தரையில் இருக்கிறோம். தேடுவதை எங்கே ஆரம்பிப்பது?

ஒரே கேள்வியில்: ஒரு முள் ஆடுகிறதா, பல முட்கள் சேர்ந்து ஆடுகின்றனவா?

ஒன்று மட்டும் என்றால் அந்தக் கேஜுக்கே உரிய சென்சார், வயர், கனெக்டர் ஆகியவற்றில் தேடலாம். பல என்றால் அவை அனைத்துக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று வயரிங் படத்தில் பாருங்கள். பெரும்பாலும் பொதுவாக இருப்பவை மூன்று: கரன்ட் வரும் வழி, எர்த் ஆகும் வழி, ஒரே கனெக்டர். நான்கு சென்சார்கள் ஒரே நாளில் கெட்டுப்போவது லாட்டரி அடிப்பது மாதிரி. நடக்கும், ஆனால் அதை நம்பிப் பணம் கட்டக் கூடாது.

இரண்டாவது, முள் எந்த வேகத்தில் நகர்கிறது என்பது. சிலிண்டர் தலை பல கிலோ அலுமினியம். அடுப்பில் வைத்த இட்லிக் குண்டான் ஒரே நொடியில் கொதிநிலைக்குப் போகாது, இதுவும் போகாது. சி.எச்.டி. ஒரு நொடியில் 100 டிகிரி ஏறி அடுத்த நொடியில் இறங்கினால், அங்கே குதித்தது மின்சாரம்தான். அதே முள் நிதானமாக, நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் அது உண்மையான சூடு. உடனே பவரைக் குறைத்துக் கலவையை ரிச் ஆக்குங்கள், அதாவது எரிபொருளைக் கூட்டுங்கள். டெட்டனேஷன் (கலவை சீராக எரியாமல் வெடிப்பது), ப்ரீ-இக்னிஷன் (தீப்பொறிக்கு முன்பே பற்றிக்கொள்வது) ஆகியவையும் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

டெக்லாக்கில் என்ன எழுதினால் உங்களுக்கு உதவும்?

"ஆயில் டெம்ப். கேஜ் பழுது" என்று எழுதினால் நான் அரை நாள் வீணாக்குவேன். பறப்பதற்கு முன் என்ஜினை ஓட்டிச் சோதிக்கும் ரன்-அப்பில் கண்டதைப் போன வருடம் ஒரு மாணவி எழுதியது இது: "ரன்-அப், 1800 ஆர்.பி.எம். லேண்டிங் லைட் போட்டதும் ஆயில் டெம்ப்., ஆயில் பிரஷர் இரண்டும் சற்றே ஏறின. லைட்டை அணைத்ததும் பழைய இடத்துக்கு வந்தன. மூன்று முறை செய்து பார்த்தேன்." எர்த் கோளாறு என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடையாது. என்ஜின் மூடியான கௌலிங்கைக் கழற்றுவதற்கு முன்பே எந்த போல்ட்டுக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

எப்போது, எந்த ஆர்.பி.எம்., என்ன சுவிட்ச் போட்டிருந்தது, ஏறியதா இறங்கியதா, குதித்ததா ஊர்ந்ததா. இவ்வளவுதான் வேண்டும்.

எர்த் கெட்டால் கேஜ் ஏன் ஆட வேண்டும்? கரன்ட் போய்க்கொண்டுதானே இருக்கிறது?

கேஜ் எதையும் நேரடியாக அளப்பதில்லை. இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தைத்தான் படிக்கிறது. அந்த இரண்டில் ஒரு முனை எர்த். அது பூஜ்யத்தில் நிற்கிறது என்று நம்பித்தான் கணக்கே ஓடுகிறது. எர்த் மேலே மிதந்தால் கணக்கு முழுவதும் மிதக்கும்.

எண்களோடு பார்க்கலாம். எர்த் போல்ட்டில் துரு ஏறி 0.05 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கிறது. லேண்டிங் லைட், பிட்டோ ஹீட் (வேகத்தை அளக்கும் குழாயின் ஹீட்டர்) எல்லாம் சேர்த்து 10 ஆம்பியர் அதே போல்ட் வழியாகத் திரும்பினால், அங்கே 0.5 வோல்ட் நிற்கும். இப்போது வரும் ஆயில் பிரஷர் சென்சார்கள் பலவும் பூஜ்யத்துக்கு 0.5 வோல்ட், 150 பி.எஸ்.ஐ.க்கு 4.5 வோல்ட் என்று கொடுப்பவை. அரை வோல்ட் பிசகினால் கேஜில் கிட்டத்தட்ட 19 பி.எஸ்.ஐ. பிசகும். பச்சைப் பட்டை 50-லிருந்து 90 வரைதான் என்னும்போது இது சின்ன விஷயமில்லை.

நான் கையால் தொட்டுப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு 172-இல் நான்கு கேஜ்கள் சேர்ந்து ஆடின. எனக்கு முன் பார்த்தவர்கள் கேஜ் தொகுப்பை ஒருமுறை மாற்றியிருந்தார்கள், ஆயில் டெம்பரேச்சர் சென்சாரை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். என்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தகடான ஃபயர்வாலில் எர்த் லக் (வயர் முனையின் உலோக வளையம்) இருக்கும் போல்ட்டைக் கழற்றினேன். லக்குக்கு அடியில் வழவழவென்று வெள்ளை பெயின்ட். எப்போதோ ஃபயர்வாலுக்கு பெயின்ட் அடித்தவர், அது காய்ந்ததும் லக்கை அதன் மேலேயே வைத்து முறுக்கியிருக்கிறார். இத்தனை நாள் கரன்ட் போய்க்கொண்டிருந்தது போல்ட்டின் மரை வழியாக மட்டும். பெயின்டைச் சுரண்டி உலோகத்தைப் பளிச்சென்று ஆக்கி, புது லக் வைத்து முறுக்கி, மேலே துருக்காப்புப் பூச்சு கொடுத்தேன். முக்கால் மணி நேர வேலை. மாற்றப்பட்ட பழைய சென்சார்கள் இரண்டும் நல்ல நிலையில்தான் இருந்தன.

எர்த் சரியா என்று மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்த்தேன். பூஜ்யம் காட்டியது. அப்படியானால் எர்த் நன்றாக இருக்கிறதுதானே?

இல்லை. எல்லோரும் விழும் குழி இது. ஓம் அளக்கும்போது மல்டிமீட்டர் மில்லி ஆம்பியர் கணக்கில்தான் கரன்ட் அனுப்புகிறது. ஒரு வயரில் பத்தொன்பது இழைகளில் பதினெட்டு அறுந்திருந்தாலும் மிச்சமிருக்கும் ஓர் இழை அந்தக் கொஞ்சக் கரன்ட்டைத் தாராளமாகக் கடத்தும். மேலே சொன்ன 0.05 ஓம் எல்லாம் சாதாரண மீட்டரின் முனை வயர்களுடைய தடைக்குள்ளேயே மறைந்துவிடும்.

சுமை கொடுத்து வோல்டேஜ் அளக்க வேண்டும். மீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில், இன்னொன்று கேஜின் எர்த் முனையில். மாஸ்டர் சுவிட்சைப் போட்டு, லைட், பிட்டோ ஹீட் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். பிட்டோ ஹீட்டைச் சில நொடிகளுக்கு மேல் விடாதீர்கள். தரையில் காற்றோட்டம் இல்லாமல் குழாய் கொதிக்கும், கை வைத்தால் தோல் உரியும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் மீட்டர் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சில பத்து மில்லிவோல்ட் என்றால் கவலையில்லை. 100-ஐத் தாண்டினால் தேட ஆரம்பியுங்கள். அப்புறம் முனையை ஒவ்வோர் இணைப்பாக பேட்டரியை நோக்கி நகர்த்துங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் எண் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் திருடன்.

என்ஜினுக்கும் விமான உடலுக்கும் இடையே உள்ள பின்னல் பட்டையை மறக்காதீர்கள். என்ஜின் ரப்பர் மவுன்ட்டில் தொங்குகிறது; எர்த் ஆவது அந்தப் பட்டை வழியாகத்தான். அது அறுந்தால் ஸ்டார்ட்டரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். திராட்டில் கேபிள், மிக்ஸ்ச்சர் கேபிள் என்று கிடைத்ததில் ஏறும். ஸ்டார்ட் செய்யும்போது திராட்டில் கேபிள் சுடுகிறது என்றால் கேஜைப் பற்றிய கவலையை ஒதுக்கிவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

அம்மீட்டர் முள்ளும் சேர்ந்து துடிக்கிறது. ஆல்டர்னேட்டரா?

இருக்கலாம். ஆனால் ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன் மாஸ்டர் சுவிட்சைச் சந்தேகப்படுங்கள். செஸ்னாவின் அந்தச் சிவப்பு இரட்டைச் சுவிட்சில் ஒரு பாதி ஆல்டர்னேட்டருடையது. ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அந்த வழியாகத்தான் பஸ் வோல்டேஜை (கருவிகளுக்குக் கரன்ட் பிரியும் பட்டையின் வோல்டேஜை) பார்க்கிறது. சுவிட்ச் முனைகள் தேய்ந்து தடை ஏறிவிட்டால் ரெகுலேட்டருக்கு உண்மையைவிடக் குறைந்த வோல்டேஜ் தெரியும். உடனே ஏற்றும். ஏற்றியதும் அதிகம் என்று இறக்கும். இந்த ஊஞ்சலாட்டம்தான் அம்மீட்டரில் தெரிகிறது.

தரையில், என்ஜின் ஓடும்போது, ஆல்டர்னேட்டர் பாதியை மட்டும் அணைத்துப் பாருங்கள். இப்போது எல்லாம் பேட்டரியில் ஓடுகிறது. முட்கள் அமைதியானால் தேட வேண்டிய பக்கம் சார்ஜிங். அமைதியாகவில்லை என்றால் மறுபடி எர்த்.

ஒரே ஒரு சிலிண்டரின் சி.எச்.டி. மட்டும் கிறுக்குப் பிடித்தது போல இருக்கிறது.

இடம் மாற்றிப் பாருங்கள். 3-ஆம் சிலிண்டர் தகராறு என்றால் அதன் ப்ரோபை (சூட்டை உணரும் முனையை) 1-இல் போட்டு, 1-ஐ 3-இல் போடுங்கள். வயர்களை அப்படியே விடுங்கள். தகராறு ப்ரோபுடன் 1-க்குப் போனால் ப்ரோப் கெட்டது. 3-இலேயே நின்றால் வயர், கேஜ், அல்லது உண்மையிலேயே சிலிண்டர். அடுத்து கேஜின் பின்னால் இரண்டு வயர்களையும் மாற்றிச் செருகுங்கள். வயரா கேஜா என்பதும் தெரிந்துவிடும். காசு செலவில்லை, புது பாகம் வேண்டாம். ஆனாலும் ஏனோ முதலில் பாகத்துக்கு ஆர்டர் போடத்தான் கை போகிறது.

இன்னொன்று. எல்லாச் சிலிண்டர்களிலும் ஒரே வகை ப்ரோப்தானா என்று பாருங்கள். தலையில் உள்ள துளைக்குள் போய் உட்காரும் வகை ஒன்று. ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் வாஷர் போல உட்காரும் வகை இன்னொன்று. இரண்டும் ஒரே சூட்டில் வேறு வேறு எண் காட்டும். துளையில் ஏற்கெனவே விமானத்தின் சொந்த சென்சார் இருப்பதால் ஒரு சிலிண்டரில் மட்டும் வாஷர் வகை போட்டிருப்பார்கள். அது மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்பது பழுதே இல்லை.

தெர்மோகப்பிள் வயர் அறுந்திருந்தது. சாதாரணச் செப்பு வயரில் ஒட்டுப் போட்டேன். அதற்குப் பிறகு எண் தப்பாக வருகிறது. ஏன்?

தெர்மோகப்பிளில் வயரே சென்சாரின் ஒரு பகுதி. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் சேரும் இடத்துக்கும் மறுமுனைக்கும் இடையே உள்ள வெப்பநிலை வித்தியாசம்தான் மின்னழுத்தமாக மாறுகிறது. எக்ஸாஸ்ட் வாயுவின் சூட்டை அளக்கும் ஈ.ஜி.டி.க்குப் பெரும்பாலும் கே வகை, சி.எச்.டி.க்கு ஜே வகை. கே வகை ஒரு செல்சியஸுக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தருகிறது. ஜே வகை 50-ஐ ஒட்டி. மைக்ரோவோல்ட் என்பதைக் கவனியுங்கள். 4 மில்லிவோல்ட் எங்கிருந்தாவது நுழைந்தால் ஈ.ஜி.டி. ஏறக்குறைய 100 செல்சியஸ் பொய் சொல்லும். மேலே எர்த்தைப் பற்றி அவ்வளவு நீட்டி எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம். வாஷர் வகை ப்ரோப் என்ஜின் உடலையே தொட்டுக்கொண்டிருக்கிறது.

செப்பு ஒட்டு போட்டால், ஒட்டின் இரண்டு முனைகளும் ஒரே சூட்டில் இருக்கும் வரை பெரிய பாதகமில்லை. என்ஜின் பெட்டிக்குள் ஒரு முனை சிலிண்டர் பக்கமும் மறுமுனை ஃபயர்வால் பக்கமும் இருந்தால் அந்த வித்தியாசம் முழுவதும் கணக்கிலிருந்து விழுந்துவிடும். அதே வகை வயரையே வாங்கிப் போடுங்கள்.

வயர் நிறத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்க நிறமுறையில் தெர்மோகப்பிளின் சிவப்பு வயர் நெகட்டிவ். வாழ்நாள் முழுக்கச் சிவப்பு என்றால் பாசிட்டிவ் என்று பழகிய கை இதை மாற்றித்தான் பூட்டும். மாறியிருந்தால் என்ஜின் சூடாகச் சூடாக எண் கீழே இறங்கும். ஜே வகையில் வெள்ளை பாசிட்டிவ், கே வகையில் மஞ்சள்.

பழைய, வெளியிலிருந்து பவர் வாங்காத முள் கேஜ்களில் இன்னொரு எச்சரிக்கை: வயர் நீளமாக இருக்கிறதே என்று வெட்டக் கூடாது. அந்த வயரின் தடையைச் சேர்த்துத்தான் கேஜை அளவு திருத்தியிருப்பார்கள். மிச்சத்தைச் சுருட்டிக் கட்டிவையுங்கள். டிஜிட்டல் கேஜுக்கு இந்தக் கவலை இல்லை.

ப்ரோப் நல்லதா என்று வீட்டு முறையில் சோதிக்க முடியுமா?

கொதிக்கும் தண்ணீர் போதும். கடல் மட்டத்தில் 100 செல்சியஸ், அதாவது 212 ஃபாரன்ஹீட். மலைமேல் இருந்தால் 300 மீட்டருக்குச் சுமார் 1 செல்சியஸ் கழித்துக்கொள்ளுங்கள். ப்ரோபின் முனை பாத்திரத்தைத் தொடாமல் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். கேஜ் சில டிகிரி முன்பின் காட்டினால் பரவாயில்லை. 30, 40 டிகிரி வித்தியாசம் என்றால் ப்ரோப் வகையும் கேஜின் செட்டிங்கும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஜே ப்ரோபை கே என்று அமைத்துவைத்த மானிட்டர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஈ.ஜி.டி. ப்ரோப் மட்டும் தேய்பொருள். 1,400, 1,500 ஃபாரன்ஹீட் வாயுவில் நாள் முழுக்க நிற்கிறது. அதன் முனை அரித்துப்போயிருந்தால் சோதனை எதுவும் வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

ரேடியோவில் பேசும் பட்டனை அமுக்கியதும் ஈ.ஜி.டி. எகிறுகிறது.

ரேடியோ அலை வயரில் புகுகிறது. ஆன்டெனாவின் அடிப்பகுதி உடலோடு நன்றாக எர்த் ஆகிறதா, ஆன்டெனா கேபிளின் கனெக்டர் லூஸா, கேஜ் வயர் அந்தக் கேபிளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கட்டைப் பிரித்து இரண்டையும் விலக்கி ஓட்டினாலே பாதி நேரம் சரியாகிவிடும்.

ஆயில் பிரஷர் முள் நடுங்குகிறது. சென்சாரை மாற்றியும் தீரவில்லை.

முதலில் ஒரு மெக்கானிக்கல் டெஸ்ட் கேஜை நேரடியாக என்ஜினில் பூட்டி ஓட்டிப் பாருங்கள். அதுவும் நடுங்கினால் கோளாறு என்ஜினுடையது: ஆயில் மட்டம் குறைவு, ரிலீஃப் வால்வின் இருக்கையில் தூசு, பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் காற்று. டெஸ்ட் கேஜ் அசையாமல் நின்றால் சென்சார் பக்கம் வாருங்கள்.

சென்சார் எங்கே பூட்டியிருக்கிறது? என்ஜின் மேலேயே நேராகத் திருகியிருந்தால் அதிர்விலேயே செத்துப்போகும். எத்தனை முறை மாற்றினாலும் சாகும். ஹோஸ் போட்டு ஃபயர்வாலில் பூட்டுவதுதான் முறை. அந்த இணைப்பில் ஊசித்துளை அளவுக்குச் சுருக்கிய பொருத்தி ஒன்று இருக்கும். பம்பின் துடிப்பு முள்ளுக்கு வராமல் அது தடுக்கும். ஹோஸ் அறுந்தால் ஆயில் பீய்ச்சி அடிக்காமலும் காக்கும். யாராவது அதைத் "தேவையில்லாத அடைப்பு" என்று கழற்றிவிட்டார்களா என்று பாருங்கள்.

அப்புறம் டெஃப்லான் டேப். ஒற்றை வயர் சென்சார்கள் தங்கள் மரை வழியாகத்தான் எர்த் ஆகின்றன. பிளம்பர் மாதிரி மரையில் நான்கு சுற்று டேப் சுற்றினால் எர்த் போயே போய்விடும், அல்லது முறுக்கும்போது கிழிந்து அரைகுறையாகத் தொடும். அதன் துணுக்கு அந்த ஊசித்துளைக்குள் போய் அடைப்பது தனிக் கதை.

ஆயில் டெம்பரேச்சர் முள் ஒரேயடியாக மேலே ஒட்டிக்கொண்டது. வயர் அறுந்தால் கீழேதானே விழ வேண்டும்?

சென்சாரின் வகையைப் பொறுத்தது. சூடு ஏறும்போது மின்தடையும் ஏறும் வகை என்றால், வயர் அறுந்ததும் கேஜுக்குத் தெரிவது எல்லையில்லாத தடை. அதைக் கொதிக்கும் சூடு என்று படிக்கும். தெர்மிஸ்டர் வகையில் சூடு ஏறத் தடை இறங்கும்; அங்கே வயர் அறுந்தால் கேஜ் ஜில்லென்று கிடக்கும். வயர் உடலில் உரசி ஷார்ட் ஆனால் இரண்டும் தலைகீழ். டிஜிட்டல் திரைகள் எல்லை மீறிய எண்ணுக்குச் சிவப்புக் குறுக்குக்கோடு போட்டுவிடுகின்றன. அந்த வகையில் அவை நேர்மையானவை.

ஆர்.பி.எம். காட்டும் டேக்கோமீட்டரின் முள் முன்னும் பின்னும் ஆடுகிறது.

மெக்கானிக்கல் வகை என்றால் கேபிள்தான். உறைக்குள் கிரீஸ் வறண்டோ, எங்கோ கூர்மையாக வளைந்தோ இருக்கும். கேபிள் முறுக்கிக்கொண்டு விட்டு விட்டுச் சுற்றும். உருவி எடுத்துத் துடைத்து, கையேடு சொல்லும் கிரீஸைக் கொஞ்சமாகத் தடவிப் போடுங்கள். அதிகம் தடவினால் அது ஏறிக் கேஜுக்குள் போகும்.

எண் சரிதானா என்று பார்க்க ஒளி டேக்கோமீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இருட்டிய பிறகு பழைய சோக் வைத்த டியூப் லைட் வெளிச்சம் போதும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். இரண்டு பிளேடு ப்ரொபெல்லர் சரியாக 1500 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் நான்கு பிளேடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். விமானி இருக்கையில் உட்கார்ந்து பார்த்தாலே தெரியும், ப்ரொபெல்லர் பக்கம் போக வேண்டியதில்லை. இப்போதைய எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் இந்த வித்தை பலிக்காது.

எரிபொருள் கேஜ் எப்போதுமே தப்புதான், காலியாக இருக்கும்போது மட்டும் சரியாக இருந்தால் போதும் என்று விதியே இருக்கிறதாமே?

பைலட்டுகளிடையே புழங்கும் இந்தக் கதை ஒரு விதியைத் தப்பாகப் படித்ததால் வந்தது. பழைய அமெரிக்க விதி 23.1337 சொல்வது: டேங்கில் பயன்படுத்த முடியாத எரிபொருள் மட்டும் மிஞ்சும்போது, நேர்ப்பறப்பில், கேஜ் பூஜ்யம் காட்டும்படி அளவு திருத்தியிருக்க வேண்டும். பூஜ்யம் எங்கே என்பதற்கான விளக்கம் அது. மற்ற இடங்களில் இஷ்டத்துக்குக் காட்டலாம் என்ற அனுமதி அதில் இல்லை. விதி 91.205 ஒவ்வொரு டேங்கிலும் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கேஜ் வேண்டும் என்கிறது.

டேங்குக்குள் மிதவை, அதோடு ஒரு கை, கையின் முனை தடைக்கம்பியில் உரசும். வேலை அவ்வளவுதான். எந்த மட்டத்தில் விமானம் அதிகமாக நிற்கிறதோ அந்த இடத்தில் கம்பி தேயும். பாதி டேங்கில் மட்டும் முள் துள்ளினால் இதுதான் காரணம். திரும்பும்போது முள் மெல்ல ஆடுவது எரிபொருள் அலைவதால், அதை விட்டுவிடுங்கள். இந்த மிதவை சென்சாரை டேங்கிலிருந்து கழற்றும் வேலையைக் கையேடு சொல்லும் பாதுகாப்போடு, எரிபொருளை இறக்கிய பிறகுதான் செய்ய வேண்டும்.

கேஜ் நன்றாக இருந்தாலும் குச்சி விட்டுப் பாருங்கள். குச்சியில் பார்த்த பிறகு அலகைச் சரிபாருங்கள். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767-இல் எரிபொருள் கணக்கிடும் பெட்டிக்குள் ஒரு சாலிடர் ஒட்டு சரியாகப் பிடிக்காததால் கேஜ்கள் வெறுமையாகிவிட்டன. தரையில் குச்சியால் அளந்தார்கள். லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோவுக்கான 0.8-க்குப் பதில் பவுண்டுக்கான 1.77-ஐப் போட்டுப் பெருக்கினார்கள். வேண்டியதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு கிளம்பி, நடுவானில் இரண்டு என்ஜின்களும் நின்று, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் மிதந்து இறங்கினார்கள். யாரும் சாகவில்லை.

பழைய முட்களைத் தூக்கிவிட்டு டிஜிட்டல் மானிட்டர் போட்டால் தொல்லை தீருமா?

எர்த் கெட்டது கெட்டதாகவே இருக்கும், தசமப் புள்ளியோடு தெரியும். பழைய முள் கனமானது, மெதுவாக நகரும்; பல சின்னக் குதிப்புகளை அதுவே விழுங்கிவிட்டது. புது மானிட்டர் போட்ட வாரத்தில் "முன்பு இல்லாத பழுது" வந்ததாகச் சொல்வார்கள். முன்பும் இருந்தது.

ஆனால் பதிவு செய்யும் வசதி இருக்கிறதே, அதற்காகவே போடலாம். கார்மின் ஜி1000 நொடிக்கு ஒருமுறை எல்லா என்ஜின் எண்களையும் எஸ்.டி. கார்டில் எழுதுகிறது. அதை வரைபடமாக்கிப் பாருங்கள். சூடு எப்போதும் சரிவாக ஏறி இறங்கும், மலை மாதிரி. லூஸ் கான்டாக்ட் செங்குத்தாக ஏறி செங்குத்தாக இறங்கும், மதில் சுவர் மாதிரி. பஸ் வோல்டேஜ் கோட்டையும் பக்கத்தில் வையுங்கள். மதில் எழும் அதே நொடியில் வோல்டேஜும் அசைந்தால் பொதுக் காரணம்; அசையவில்லை என்றால் அந்த ஒரு வயர்.

கனெக்டரில் ஸ்ப்ரே அடித்தால் போதாதா?

கான்டாக்ட் கிளீனர் அடித்துக் கழற்றிப் பூட்டினால் சில வாரம் நன்றாக இருக்கும். பின் தளர்ந்திருந்தால் அது தளர்ந்துதான் இருக்கும். ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கிரிம்ப் (வயரைப் பின்னில் நசுக்கிப் பிடித்தது) சரியில்லாதது கையோடு வரும். கடலோரத்தில் நிறுத்தும் விமானங்களிலும் மழைக்காலத்திலும் ஈரம் வயர் வழியே இறங்கி கனெக்டருக்குள் போகும். கனெக்டருக்கு முன் வயரை ஒரு தொங்கலாக விட்டால் சொட்டு அங்கேயே விழுந்துவிடும்.

கேஜ் கோளாறு என்று உறுதியாகிவிட்டது. அப்படியே பறக்கலாமா?

அமெரிக்க விதி 91.205-இல் டேக்கோமீட்டர், ஆயில் பிரஷர், ஆயில் டெம்பரேச்சர், எரிபொருள் கேஜ்கள் பகல் பறப்புக்கே கட்டாயம். இவற்றில் ஒன்று கெட்டால் விமானம் தரையில் நிற்க வேண்டியதுதான். கூடுதலாகப் போட்ட நான்கு சிலிண்டர் ஈ.ஜி.டி. போன்றவை வேறு கதை. இந்தியாவில் எதைத் தள்ளிவைக்கலாம் என்பதை உங்கள் விமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட எம்.இ.எல். (எது கெட்டிருந்தாலும் பறக்கலாம் என்ற பட்டியல்) சொல்லும். அது இல்லையென்றால் ஏ.எம்.இ.யிடம் கேளுங்கள், பைலட்டே முடிவெடுக்க வேண்டாம்.

தரையில் எவ்வளவு ஓட்டினாலும் பழுது வரவே மாட்டேன் என்கிறது. மேலே போனால்தான் வருகிறது.

மேலே என்ன மாறுகிறது என்று யோசியுங்கள்: அதிர்வு, சூடு, ஈரம், என்ஜின் நிற்கும் கோணம். தரையில் அவற்றை ஒவ்வொன்றாகக் கொண்டுவர வேண்டும். ஹீட் கன்னால் கனெக்டரைச் சூடாக்கலாம். வயர்க் கட்டை ஒரு சாண் ஒரு சாணாகப் பிடித்து அசைக்கலாம், இன்னொருவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க.

ஒரு விமானத்தில் ஆயில் டெம்பரேச்சர் முள் டேக்-ஆஃபில் மட்டும் விழுந்தது, க்ரூஸில் ஒழுங்காக இருந்தது. வயரை அசைத்தோம், சூடாக்கினோம், ஒன்றுமில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது: முழுப் பவர் கொடுத்தால் என்ஜின் ரப்பர் மவுன்ட்டில் ஒரு பக்கமாகச் சாயும். தீப்பொறி தரும் மேக்னெட்டோவை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ப்ரொபெல்லர் சுற்றும் வட்டத்துக்கு வெளியே நின்று, இரண்டு பேராக என்ஜின் கேஸைப் பிடித்து அந்தப் பக்கமாகத் தள்ளினோம். உள்ளே உட்கார்ந்திருந்த பையன் "விழுந்துடுச்சு சார்" என்று கத்தினான். விட்டோம், "வந்துடுச்சு" என்றான். சென்சாருக்குப் போகும் வயரை யாரோ அழகாக, கொஞ்சமும் தளர்வில்லாமல், என்ஜின் மவுன்ட் குழாயோடு டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். என்ஜின் சாயும்போதெல்லாம் லக்கின் கழுத்தில் வயர் இழுபட்டு, உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. வெளியே பார்த்தால் புது வயர் மாதிரி இருந்தது. டையை வெட்டி, புது லக் அடித்து, இரண்டு விரல் தளர்வு விட்டுக் கட்டினோம்.